பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஸ்கேனர் வாங்குங்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பழைய குடும்பப் படங்களை டிஜிட்டலாக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை டிபிஐ ஸ்கேனர் வாங்கலாம்?" என்பதுதான். டிபிஐ என்றால் ஓர் அங்குலத்தில் ஸ்கேனர் படிக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை. பீரோ மேலே இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். உள்ளே என்ன வகை பிலிம் இருக்கிறது என்று தெரியாமல் கருவி வாங்கினால், பெட்டியில் பாதி அந்தக் கருவிக்குள் நுழையவே செய்யாது.

நம் பக்கத்து வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மூன்று வகை. எண்பதுகளுக்கு முந்தைய கல்யாணம், காதுகுத்து, குடும்பப் படம் எல்லாம் 120 ரோல் பிலிம். ஸ்டூடியோக்காரர் யாஷிகா, ரோலிஃபிளெக்ஸ் மாதிரி மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமராவில் எடுத்தது. கொஞ்சம் வசதியான வீட்டில் அக்ஃபா கிளிக் 3 இருந்திருந்தால் அதில் எடுத்தது. ஒரு ஃபிரேம் 6×6 செ.மீ., ஒரு ரோலுக்கு 12 படம், அநேகமாகக் கறுப்பு வெள்ளை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம் ஓடிய காலம் அது. அப்புறம் 35 எம்எம் கலர். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வாப்பாவோ (அப்பா) காக்காவோ (அண்ணன்) வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும்போது கையில் ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கேமராவும் வந்தது. அந்தக் காலத்து நெகட்டிவ்கள் பிளாஸ்டிக் உறையில் துண்டு துண்டாகக் கிடக்கும். மூன்றாவது, நெகட்டிவே இல்லாத பிரிண்ட். இதுதான் எண்ணிக்கையில் அதிகம். நெகட்டிவை ஸ்டூடியோவே வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஸ்டூடியோவை மூடும்போது வெள்ளி பிரித்தெடுப்பவர்களுக்கு எடைக்குப் போனவை நிறைய. திரையில் ஒளி பாய்ச்சிக் காட்டும் ஸ்லைடு பிலிம் இங்கே அபூர்வம். மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் வேண்டுமானால் ஒரு டப்பா கிடைக்கலாம்.

இதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட நம் கரையில் முடியாது. பிலிமில் படம் தங்கியிருப்பது ஜெலட்டின் என்ற மெல்லிய படலத்தில். ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல தீனி. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். பாம்பனிலோ தேவிபட்டினத்திலோ அதற்கு மழைக்காலம் வர வேண்டும் என்பதில்லை. உப்புக்காற்று படிந்த இடம் தானாகவே ஈரத்தை இழுக்கும். இன்னொரு ஆபத்து பிலிமின் அடித்தளத்திலேயே இருக்கிறது. பழைய நெகட்டிவ்கள் பெரும்பாலும் அசிட்டேட். சூட்டிலும் ஈரத்திலும் அது சிதையும்போது அசிட்டிக் அமிலம் கசியும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதுதான் விஷயம். அந்த ஆவி பக்கத்தில் உள்ள பிலிமையும் கெடுக்கும், சிதைவு தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும், பிலிம் சுருங்கிச் சுருண்டு கடைசியில் ஸ்கேனரில் பிலிமைப் பிடிக்கும் எந்தச் சட்டத்திலும் (ஹோல்டர்) நிற்காது. அதனால் கருவிகளை ஒப்பிடும்போது, படம் எவ்வளவு துல்லியமாக வரும் என்பதற்குக் கொடுக்கும் அதே இடத்தை, இந்த வருஷமே வேலையை முடிக்க விடுமா என்பதற்கும் கொடுக்கிறேன்.

இப்போது டிபிஐ விஷயத்துக்கு வரலாம். ஸ்கேனர் வரும் அட்டைப்பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் எண் வேறு, லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் வேறு. எப்சன் பர்ஃபெக்ஷன் வி600 என்ற பிளாட்பெட் (தட்டையான கண்ணாடி மேல் வைத்து எடுக்கும்) ஸ்கேனரில் 6,400 டிபிஐ என்று போட்டிருக்கும். நுண்ணிய கோடுகள் உள்ள சோதனைத் தகட்டை வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 1,500 முதல் 1,600 வரைதான். அதே நிறுவனத்தின் பெரிய மாடலான வி850 சுமார் 2,300. 35 எம்எம் மட்டுமே படிக்கும் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ-யில் 7,200 என்று எழுதியிருந்தாலும் நிஜத்தில் 3,200 போலக் கிடைக்கும்.

இந்த நிஜ எண்ணைப் பிலிமின் அளவோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் புரியும். 36×24 மி.மீ. உள்ள 35 எம்எம் ஃபிரேமிலிருந்து வி600 தருவது 3 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். ஏழுக்கு ஐந்து அங்குலப் பிரிண்ட் வரை நன்றாக இருக்கும். பிளஸ்டெக் அதே ஃபிரேமிலிருந்து 13 மெகாபிக்சல் எடுக்கும். அதைச் சுவரில் மாட்டும் அளவுக்கு, 15×10 அங்குலம் போடலாம். ஆனால் தாத்தா கல்யாணத்து 6×6 நெகட்டிவை அதே வி600-இல் வையுங்கள். பிலிம் பெரிதாக இருப்பதால் 11, 12 மெகாபிக்சல் வந்துவிடும். சாதாரண ஸ்கேனர் என்று சொல்லப்படுவது, 120 பிலிமுக்குப் போதுமான ஸ்கேனர். 120 அதிகம் இருக்கும் நம் வீடுகளுக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

6,400-இல் ஸ்கேன் செய்தால் கூடுதலாக எதுவும் கிடைக்காது, கோப்பு மட்டும் ஊதிப்போகும். ஒரே 35 எம்எம் ஃபிரேம், 48 பிட் டிஃப் (தரம் குறைக்காமல் சேமிக்கும்) கோப்பாக 300 எம்பியைத் தாண்டும். வி600-க்கு 2,400 வைத்தால் போதும்.

பிளாட்பெட்டின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. பிரிண்ட், ஆல்பம் பக்கம், நிக்காஹ் பத்திரிகை, பழைய பாஸ்போர்ட், கடிதம் என்று எல்லாவற்றையும் அது எடுக்கும். போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ போதும். கிளிக் 3 நெகட்டிவிலிருந்து அதே அளவில் போட்ட சின்னக் கான்டாக்ட் பிரிண்டுக்கு 1,200 வைக்கலாம். நம் ஊரில் இன்னொரு தொல்லை, கண்ணாடி போட்டு மாட்டிய படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போவது. அதைப் பிய்க்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். வி600 மாதிரி சிசிடி சென்சார் உள்ள ஸ்கேனருக்குக் கொஞ்சம் ஆழத்திலும் ஃபோகஸ் இருக்கும், அதனால் கண்ணாடியோடு சேர்த்தே வைத்து எடுத்துவிடலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஸ்கேனர்களிலும் பிரிண்டரோடு சேர்ந்து வருபவற்றிலும் சிஐஎஸ் சென்சார்தான் இருக்கும்; ஸ்கேனரின் கண்ணாடியில் நேரடியாகப் படியாத எதுவும் அவற்றில் மங்கும். மூடியில் விளக்கு இல்லாததால் நெகட்டிவும் முடியாது. விலையைப் பார்த்து அதை வாங்கிவிட வேண்டாம்.

வி600-இன் குறை அதன் பிலிம் சட்டம். சுருண்ட நெகட்டிவை அது தட்டையாகப் பிடிக்காது, உயரத்தை மாற்றவும் வழியில்லை. சுருள் உள்ள பிலிமைப் பட்டர் காகிதத்தில் வைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் சில நாள் விட்டு எடுத்தால் ஓரளவு சரியாகும். 120-இல் ஒரு தடவைக்கு மூன்று 6×6 ஃபிரேம் வைக்கலாம், 35 எம்எம் என்றால் 12. வி850-இன் சட்டங்களில் உயரம் மாற்றலாம், பிலிமை அமுக்கும் தகடு உண்டு, ஒரே தடவையில் 18 ஃபிரேம் போகும். நல்ல கருவிதான், ஆனால் விலை வி600-ஐப் போலப் பல மடங்கு. ஒரு குடும்பத்தின் பெட்டிக்காக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பழைய ஸ்டூடியோவின் நெகட்டிவ் சேகரம் முழுவதும் கையில் இருந்து, அதைக் காப்பாற்ற நினைப்பவருக்கு வி850 நியாயம்.

கடைக்காரர் கட்டாயம் சொல்லும் வசதி, அகச்சிவப்புத் தூசி நீக்கம். எப்சனில் டிஜிட்டல் ஐஸ், பிளஸ்டெக்கில் ஐஎஸ்ஆர்டி என்ற பெயரில் வரும். கலர் நெகட்டிவில் இருக்கும் சாயங்களை அகச்சிவப்பு ஒளி கடந்துபோய்விடும். தூசியும் கீறலும் அதைத் தடுக்கும். அப்படித் தடுத்த இடங்களைக் கருவி கண்டுபிடித்து நிரப்பிவிடும். கலர் பிலிமில் பூஞ்சை நூலையும் ஓரளவு மறைக்கும், சாயத்தையே தின்றுவிட்ட இடத்தை மட்டும் திருப்பித் தராது. கறுப்பு வெள்ளைக்கு இது உதவவே உதவாது. அங்கே படமே வெள்ளித் துகள்களால் ஆனது, வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும், கருவி படத்தையே தூசி என்று எடுத்துக்கொண்டு முகங்களைச் சிதைத்துவிடும். கறுப்பு வெள்ளை போடும்போது அந்த வசதியை அணைத்துவிடுங்கள். உங்கள் பெட்டியில் முக்கால்வாசி கறுப்பு வெள்ளை என்றால், இந்த ஒரு வசதிக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிளஸ்டெக் யாருக்கு? 35 எம்எம் கலர் மட்டுமே குவிந்து கிடக்கும் வீட்டுக்கு. வளைகுடா காலத்து உறைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தால் இதைத் தாராளமாக வாங்கலாம். முகத்தில் உள்ள சின்னச் சின்ன விவரம் பிளாட்பெட்டை விடக் கண்கூடாக நன்றாக வரும். அகச்சிவப்பு உள்ள 8200ஐ வேண்டும், அது இல்லாத 8100-ஐ நம் ஊர்ப் பூஞ்சை படிந்த கலர் பிலிமுக்கு வாங்க வேண்டாம். ஆறு ஃபிரேம் துண்டைச் சட்டத்தில் வைத்து, ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். பொறுமை வேண்டும். 120 நுழையாது, பிரிண்ட் எடுக்க முடியாது.

இணையக் கடைகளில் சின்னத் திரையோடு விற்கும் பெட்டி ஸ்கேனர்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கோடக் பெயரில் வரும் ஸ்லைடு என் ஸ்கேன் அந்த ரகம். உள்ளே இருப்பது ஒரு சின்னக் கேமரா. சில விநாடியில் ஒரு படம் வந்துவிடும், கணினி தேவையில்லை, வயதானவர்களும் கையாளலாம். ஆனால் வெளிச்சத்தையும் நிறத்தையும் அதுவே முடிவு செய்யும், ஜேபெக் மட்டும் தரும், ஓரத்தை வெட்டும், 120 எடுக்காது, தூசி நீக்கமும் இல்லை. எந்த நெகட்டிவில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரிக்க உதவும். காப்பாற்றி வைக்கும் பிரதிக்கு இதை நான் நம்ப மாட்டேன்.

கேமராவால் எடுக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்யாணப் போட்டோகிராபர் இல்லாத தெரு நம் ஊர்களில் இல்லை. மைத்துனரோ சித்தப்பா மகனோ யாராவது ஒருவரிடம் 24 மெகாபிக்சல் கேமரா இருக்கும். நெகட்டிவுக்கு அடியில் வெள்ளை எல்இடி பலகை, மேலே கீழ்நோக்கிய கேமரா, நடுவில் பிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் ஒரு சட்டம். இவ்வளவுதான் அமைப்பு. 35 எம்எம் ஃபிரேம் முழுவதையும் 6,000 பிக்சல் அகலத்தில் எடுத்தால், அது 4,200 டிபிஐக்குச் சமம். லென்ஸ் நன்றாக இருந்தால் பிளஸ்டெக்கையே மிஞ்சும். வேகமோ இன்னும் மேல். அமைப்பைச் சரிசெய்த பிறகு ஒரு ரோல் முழுவதையும் சில நிமிடத்தில் முடித்துவிடலாம். வி600-இல் தூசி நீக்கத்தோடு ஒரு ஃபிரேமுக்கே இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

35 எம்எம் பிலிமுக்கு, மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் அவசியம். 120-க்கு அப்படி இல்லை. நிறையக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சாரின் உயரம் சுமார் 16 மி.மீ., 6×6 ஃபிரேமின் நிஜ அளவு 56 மி.மீ. அதாவது 0.29 மடங்கு உருப்பெருக்கம் இருந்தால் ஃபிரேம் நிரம்பிவிடும். கேமராவோடு சேர்ந்து வரும் இன்றைய 18-55 கிட் லென்ஸ்கள் பலவற்றில் 0.3-க்கு மேல் உண்டு. ஓரங்கள் சற்று மென்மையாகும். லென்ஸ் துளையை F/8-க்குச் சுருக்கினால் அது குறையும். சதுரப் படம் என்பதால் இரு பக்கமும் வெட்டிப்போனாலும் 16 மெகாபிக்சல் மிஞ்சும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கேமராவை வைத்தே தாத்தா காலத்து நெகட்டிவை இந்தத் தரத்தில் எடுக்க முடியும் என்பது இந்த முறையின் பெரிய லாபம் என்று நினைக்கிறேன். கறுப்பு வெள்ளையில் அகச்சிவப்பு எப்படியும் உதவாது, அதனால் அது இல்லாததும் இங்கே குறையில்லை. கணினியில் கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிப்போட்டு, இரண்டின் எல்லையையும் சரிசெய்தால் முடிந்தது.

கலர் நெகட்டிவில் மட்டும் சிரமம் உண்டு. அதன் ஆரஞ்சுப் பூச்சை நீக்கி நிறத்தைச் சரியாகக் கொண்டுவருவது எளிதல்ல. லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருள் வைத்திருப்பவர்கள் நெகட்டிவ் லேப் புரோ என்ற இணைப்பைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இலவசம் வேண்டுமென்றால் டார்க்டேபிள் என்ற மென்பொருளில் நெகடாக்டர் என்ற வசதி இருக்கிறது. எல்இடி பலகையின் நிறத் தரம் முக்கியம், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95-க்கு மேல் பார்த்து வாங்குங்கள். செல்போன் திரையை விளக்காக வைத்தால் அதன் புள்ளிகள் படத்தில் தெரியும். பிலிமைத் திரையிலிருந்து இரண்டு அங்குலமாவது உயர்த்த வேண்டும். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது. ஃபேனை நிறுத்திவிடுங்கள், தூசியும் பறக்காது, கேமராவும் ஆடாது. இரண்டு விநாடி டைமர், ஐஎஸ்ஓ 100, ரா (கேமரா பதிந்ததை அப்படியே தரும்) கோப்பு.

நிக்கான் கூல்ஸ்கேன் பற்றி ஆர்வமுள்ளவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 4,000 டிபிஐயை நிஜமாகவே தரும் அருமையான கருவி அது. உற்பத்தி நின்று 10 வருஷத்துக்கு மேலாகிறது. சில மாடல்களுக்கு ஃபயர்வயர் என்ற பழைய வகைக் கணினி இணைப்பு வேண்டும், உள்ளே இருக்கும் கண்ணாடியில் புகை மாதிரி படியும், உதிரி பாகம் கிடைக்காது. பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஒழிய வேண்டாம். மொத்தமே இரண்டு மூன்று ரோல்தான் என்றால் எதையும் வாங்க வேண்டியதில்லை, மதுரையிலோ சென்னையிலோ ஃபிரேமுக்கு இவ்வளவு என்று வாங்கும் லேபில் கொடுத்துவிடலாம். கூரியரில் அனுப்பாமல், போகும்போது கையோடு கொண்டுபோய்க் கொடுப்பது என் விருப்பம்.

பிரிண்டும் 120-ம் 35-ம் கலந்து கிடக்கும் பெட்டி என்றால், நம் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், வி600 வாங்குங்கள் என்பேன். அண்ணன் தம்பி வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கி, ஒவ்வொரு வீடாகச் சுற்றவிட்டால் செலவும் பெரிதாகத் தெரியாது. எல்லாவற்றையும் அதில் எடுத்துவிட்டு, பெரிதாகப் போட வேண்டிய சில 35 எம்எம் ஃபிரேம்களை மட்டும் கேமராவிலோ லேபிலோ மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கேமராவும் அதைக் கையாளத் தெரிந்தவரும் வீட்டிலேயே இருந்து, பெட்டியில் நெகட்டிவே அதிகம் என்றால் எல்இடி பலகையும் பிலிம் சட்டமும் மட்டும் வாங்கினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நெகட்டிவை வெளியே எடுக்க வேண்டாம். தை, மாசியில் தொடங்குங்கள். வினிகர் வாடை அடிப்பவற்றைத் தனியாகப் பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மற்றவற்றோடு ஒரே டப்பாவில் திரும்ப வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்த பிலிமைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமே வழிந்துபோகும். காற்றுப் பந்தால் ஊதி, மென்மையான தூரிகையால் துடையுங்கள். அதற்கும் போகாவிட்டால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை லேசாக நனைத்து ஓரத்தில் சோதித்துவிட்டு மெல்லத் துடைக்கலாம். ஸ்கேனரையும் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள், பிலிம் சட்டங்களைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஸ்கேன் செய்த கோப்புகளில் ஒரு பிரதி இந்தக் கரைக்கு வெளியே இருக்க வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியில் வீடுகளோடு அவற்றில் இருந்த எல்லாமும் போயின. வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க், மதுரையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினரிடம் இன்னொன்று, முடிந்தால் கிளவுடில் ஒன்று. நெகட்டிவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரும்.

பழைய வி600 ஒன்று விலைக்கு வந்தால், பார்க்கப் போகும்போது உங்கள் பெட்டியிலிருந்து ஒரு 120 துண்டையும் ஒரு 35 எம்எம் துண்டையும் எடுத்துப் போங்கள். கண்ணாடியைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்பக்கம் புகை படிந்திருந்தால் தெரியும். பிலிம் சட்டங்கள் இரண்டும் உடையாமல் இருக்கின்றனவா, மூடியிலுள்ள விளக்கின் வயர் இருக்கிறதா என்று கேளுங்கள். சட்டம் தொலைந்த ஸ்கேனரில் நெகட்டிவை ஒழுங்காக எடுக்க முடியாது. பிலிம் இல்லாமல் ஒரு ஸ்கேன் எடுத்து, நெடுக்காகக் கோடு விழுகிறதா என்று பாருங்கள். கோடு விழுந்தால் கண்ணாடியின் மேல் ஓரத்தில் கருவி தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் பட்டையைத் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். அதற்குப் பிறகும் கோடு இருந்தால் வாங்காதீர்கள்.